வீடு கட்டுகிறவனே வரியும் கட்டுகிறான்: கட்டுநர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் உள்ள கட்டுநர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். மடிப்பாக்கம், உள்ளகரம், புழுதிவாக்கம் பக்கம் 22 வருடமாக ஒரு கிரவுண்ட், இரண்டு கிரவுண்ட் மனைகளில் ஃபிளாட் கட்டி விற்கிறவன் நான். பெரிய பெயர் கிடையாது. சந்தாவைத் தவறாமல் கட்டிவிடுவேன். பொதுக்குழுவுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காபி முடிந்ததும் நழுவிவிடுவேன். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னால் நாம் ஒரு கோரிக்கை மனுவைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போகிறோம். டெல்லிக்கும் ஒரு பிரதி போகும். வாசகம் எனக்கு மனப்பாடம். முத்திரைத்தாள் கட்டணத்தைக் குறையுங்கள், வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கிற நில மதிப்பை) ஏற்றாதீர்கள், சொத்து வரியில் கை வைக்காதீர்கள், குறைந்த ஜிஎஸ்டி பெறுகிற மலிவு வீட்டின் விலை வரம்பு 45 லட்சத்தை உயர்த்துங்கள். கடைசியில் வழக்கமான ஒரு வரி: இவற்றைச் செய்தால் வீடுகள் பெருகும், விலை இறங்கும், சாமானியரின் சொந்த வீட்டுக் கனவு நனவாகும்.

அந்தக் கடைசி வரியை நம்மில் எத்தனை பேர் நம்புகிறோம்? நான் நம்புவதை நிறுத்திக் கொஞ்ச நாளாகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அவர் கிண்டி எஸ்டேட்டில் சூப்பர்வைசர், அவர் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். 800 சதுர அடி, இரண்டு படுக்கையறை, விலை 65 லட்சம். அந்தம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பத்திரப் பதிவுக்கு 7 சதவீதம், 4 லட்சத்து 55 ஆயிரம். கட்டி முடிக்காத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3 லட்சத்து 25 ஆயிரம். ஆக 7 லட்சத்து 80 ஆயிரம். பத்திரச் செலவை வீட்டுக் கடனுக்குள் பேங்க் சேர்க்காது, அது ரொக்கமாகப் புரட்ட வேண்டியது. தாலிச் செயின் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. "பாருங்கம்மா, நான் ஒரு செங்கல் வைக்கிறதுக்குள்ள கவர்மெண்ட் எவ்வளவு எடுத்துடுது" என்றேன்.

அவர் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார். "சரி சார், கவர்மெண்ட் கணக்கு தெரிஞ்சுபோச்சு. மீதி 65 லட்சத்துல வீட்டுக்கு எவ்வளவு, இடத்துக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?"

என் சிரிப்பை அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சொல்லாத கணக்கை இங்கே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. தரைப்பரப்பு குறியீடு (மனையைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம், 800 சதுர அடியில் ஆறு ஃபிளாட். மனையில் ஆளுக்கு 400 சதுர அடி பங்கு, பத்திரத்தில் சொல்கிற பிரிபடாத பாகம். உள்தெருவில் மனை விலை சதுர அடி 8,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபிளாட்டுக்கு நிலம் மட்டும் 32 லட்சம். கட்டுமானம் சதுர அடிக்கு 2,500 வீதம் 20 லட்சம். அனுமதிக் கட்டணங்கள், வட்டி, புரோக்கர் கமிஷன், மேற்பார்வை, என் லாபம் எல்லாம் மிச்சம் 13 லட்சத்துக்குள்.

பாதி வீடு தரையிலேயே போய்விடுகிறது. இப்போது நம் மனுவில் கேட்பதுபோல அரசு பத்திரச் செலவில் 2 சதவீதம் குறைக்கிறது என்று வையுங்கள். அந்தம்மாவுக்கு மிச்சம் 1 லட்சத்து 30 ஆயிரம். செய்தி பேப்பரில் வந்த மறுவாரம் மனைக்காரர் என்ன செய்வார்? "இப்பதான் ரிஜிஸ்ட்ரேஷன் குறைஞ்சுடுச்சே, பார்ட்டி நிறைய வருது சார்" என்று சதுர அடிக்கு 500 ரூபாய் ஏற்றுவார். 400 சதுர அடிக்கு 2 லட்சம். சலுகையும் போய், மேலே 70 ஆயிரமும் போகும். நம் தொழிலில் இதைப் பார்க்காதவர் யார்?

பழைய கதையையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், அதோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். குறைத்தபோது இனிப்பு கொடுத்தோம், ஏற்றியபோது அறிக்கை விட்டோம். ஆனால் 100 ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள இடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் 8 சதவீதம், 8 ரூபாய். குறைத்த பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், 7 ரூபாய் 37 காசு. திரும்ப ஏற்றிய பிறகு 100 ரூபாய்க்கு 9 சதவீதம், 9 ரூபாய். ஏற்றமும் இறக்கமும் ஒன்றிரண்டு ரூபாய்க்குள்ளேயே ஊஞ்சலாடியது. 2017-இல் 33 சதவீதம் குறைந்ததே, அந்த வருடம் உங்களில் யாராவது ஃபிளாட் விலையைக் குறைத்து விற்றீர்களா? நான் விற்கவில்லை.

அந்த ஏற்றத்துக்காகப் போட்ட 2023 மார்ச் 30 தேதியிட்ட சுற்றறிக்கை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, மக்களிடம் கருத்துக் கேட்டு முறைப்படி நிர்ணயிக்காமல் ஏற்றியதற்காக. நம் தரப்பு போட்ட வழக்கு, நியாயமான வழக்கு. அரசு எதையும் முறையோடு செய்யட்டும். ஆனால் முறை தவறு என்று ஜெயிப்பதும், விலை இறங்கும் என்று மக்களிடம் சொல்வதும் ஒன்றாகிவிடாது.

சிமெண்டிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. சதுர அடிக்குத் தோராயமாக 0.4 மூட்டை என்பது நம் மேஸ்திரிகளுக்கே தெரிந்த கணக்கு. 800 சதுர அடிக்கு 320 மூட்டை. மூட்டைக்கு 30 ரூபாய் குறைந்தாலும் ஒரு ஃபிளாட்டில் மிச்சம் 9,600 ரூபாய். மனைக்காரர் ஒரு போன் காலில் கேட்கும் ஏற்றம் இதைப்போல இருபது மடங்கு.

அப்படியென்றால் நிலம் ஏன் இந்த விலை விற்கிறது? இடம் இல்லாததாலா?

என் இப்போதைய சைட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு கிரவுண்ட் காலி மனை இருக்கிறது. நான் இந்த ஏரியாவுக்கு வந்த நாளிலிருந்து காலியாகவே இருக்கிறது. சுற்றிக் கருங்கல் காம்பவுண்டு, துருப்பிடித்த கேட், கேட்டில் ஒரு தகரப் பலகை: "இந்த மனை விற்பனைக்கு அல்ல. அத்துமீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே இருந்த வக்கீல் பெயர் வெயிலில் வெளுத்து, இனிஷியல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளே வேலிக்கருவை, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், மற்ற காலத்தில் தெருவின் குப்பை. என் சைட்டில் சென்ட்ரிங் வேலை செய்கிற பையன்கள் பாம்பு அடித்துக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அந்த மனையில் பன்னிரண்டு குடும்பம் குடியிருக்கலாம். அதே தெருவில் எண்ணினேன். இதைப்போல இன்னும் நான்கு.

மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிறது, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற ஐந்தாவது வழித்தடம். தூண் எழும்ப எழும்ப அந்தத் தகரப் பலகைகளின் விலையும் எழும்புகிறது. மக்கள் பணத்தில் ரயில் வருகிறது, அதற்காகத் தூசியைத் தின்கிறவர்கள் தெருக்காரர்கள், விலை ஏறுவது பலகைக்காரருக்கு. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விற்காமலும் கட்டாமலும் இருப்பது.

இதற்குத்தானே காலிமனை வரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். வைத்திருக்கிறார்கள். 2022-இல் ஏற்றியும் வைத்தார்கள். யாரிடம் வசூலிக்கிறார்கள் என்பதை நான் பார்த்த விதத்தில் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு மனையை ஜாயின்ட் வென்ச்சர் எடுத்தேன், அதாவது மனை அவருடையது, கட்டுவது நான். மனைக்காரப் பெரியவர் முப்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தார். வரைபடம் போட்டு, அனுமதிக்குக் கொடுக்கப் போனால், காலிமனை வரி ரசீது இல்லாமல் ஃபைல் நகராது என்றார்கள். வரிப் பிரிவு கவுண்டரில் அந்தப் பெண் ஊழியர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மனைக்கு அசெஸ்மெண்டே இல்ல சார்" என்றார், அதாவது வரி விதித்த பதிவே இல்லை. முப்பது வருடம் அந்த மனை அரசாங்கத்தின் ஏட்டில் பிறக்கவே இல்லை. நான் கட்டப் போனேன், அன்றைக்குப் பிறந்தது. அன்றைக்கே சில வருட பாக்கியோடு வரி போட்டார்கள். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கட்டினேன். அது ஆறு ஃபிளாட்டின் விலையில் ஏறி உட்கார்ந்தது.

தமிழில் வீட்டையும் கட்டுகிறோம், வரியையும் கட்டுகிறோம். நம் ஊர் நிர்வாகம் இந்தச் சிலேடையை ரொம்ப நேராக எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டுகிறவன்தான் கட்ட வேண்டும். சும்மா வைத்திருக்கிறவனிடம் கேட்பாரில்லை. நிலத்தை வெளியே கொண்டுவருவதற்கான வரியை, நிலத்தை வெளியே கொண்டுவந்தவன் மேல் மட்டும் அபராதம்போலப் போடுகிறார்கள். இதைவிடத் தலைகீழாக ஒரு வரியை நடத்த முடியாது.

நம் மனுவில் இதைப்பற்றி ஒரு வரி உண்டா? காலிமனை வரியை ஒழுங்காக வசூலியுங்கள் என்று நாம் எந்த வருடமாவது கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் மனை இருக்கிறது. பெரிய கம்பெனிகளிடம் ஏக்கர் கணக்கில், என்னிடம் ஒரு கிரவுண்ட்.

ஆமாம், என்னிடமும் இருக்கிறது. செம்பாக்கத்தில். 2009-இல் 14 லட்சத்துக்கு வாங்கினேன். கட்டலாம் என்றுதான் வாங்கினேன், பிறகு ஒன்று மாற்றி ஒன்று வேலை வந்ததில் அப்படியே கிடந்தது. இப்போது புரோக்கர் ஒரு கோடிக்குக் குறையாமல் பேசுகிறார். இத்தனை வருடத்தில் அந்த மனைக்கு நான் ஒரு கூடை மண்கூடக் கொட்டியதில்லை. காலிமனை வரி ஒரு ரூபாய் கட்டியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆறு ஃபிளாட் கட்டி, கம்பி விலை ஏறி, எம்-சாண்ட் லாரிக்காரரோடு சண்டை போட்டு, வேலையாள் கிடைக்காமல் அல்லாடி, இரண்டு வருடத்தில் நான் பார்க்கிற லாபத்தை, செம்பாக்கத்தில் முள்செடி வளர்த்தே பார்த்துவிட்டேன். பிறகு எவன் கட்டுவான்?

சொத்து வரிக்கு வருகிறேன். இங்கே உங்களோடு எனக்கு நேரடியாகவே கருத்து வேறுபாடு உண்டு.

சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி 2022 வரை ஏறவில்லை. நடுவில் 2018-இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதையும் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் ஒரே அடியாக ஏற்றினார்கள். பழைய சென்னையில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. எங்களைப்போல 2011-இல் சேர்த்துக்கொண்ட பகுதிகளில் அதுவே 25, 50, 75, 100. நாம் எல்லோரும் கொதித்தோம். சதவீதத்தைக் கேட்டால் கொதிக்கத்தான் தோன்றும். ரூபாயைப் பார்த்தால் அப்படி இல்லை. என் சொந்த ஃபிளாட்டுக்கு ஏற்றத்துக்குப் பிறகும் அரையாண்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கட்டுகிறேன். என் அப்பார்ட்மெண்டில் கழிவுநீர் லாரிக்கு ஆகிற செலவில் என் பங்கு அதைவிட அதிகம்.

24 வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுப்புவது தப்பு. அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் சின்ன வீட்டுக்குக் குறைவாக, பெரிய வீட்டுக்கு அதிகமாக என்று போட்ட அந்த அடுக்கு முறையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. 2023-இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் சொத்து வரியை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்ற வழி செய்தன. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றத்திலும் தீர்மானம் ஆனது. 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் இரட்டிப்பு, அதை மறக்காமல் எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு, மாநில வளர்ச்சியோடு சேர்த்துச் சொத்து வரியும் ஏறினால்தான் 2021-26-இல் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. ஆக, ஏற்றாதே என்று நாம் கேட்டது, மானியத்தையும் விடு என்று கேட்டதற்குச் சமம். அந்தப் பணம் இல்லாமல் பாதாளச் சாக்கடை எப்படி வரும்? சாக்கடை இல்லாத தெருவில் நான் கட்டுகிற ஃபிளாட்டுக்கு செப்டிக் டேங்க் வெட்டி, லாரிக்காரர் நம்பரை வாங்குபவர் கையில் சாவியோடு சேர்த்துக் கொடுக்கிறேன். சாக்கடையும் மெட்ரோ வாட்டரும் ஒழுங்காக வருகிற தெருவில் வீடு தானாக விற்கும். நம் தொழிலுக்கு முதலீடே அந்தக் குழாய்தான்.

நாம் எதிர்க்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வரிகளில் இரண்டு வகை. ஒன்று, வீடு கட்டும்போதும் கைமாறும்போதும் பிடிப்பது. இன்னொன்று, சொத்தை வைத்திருக்கும்வரை வருடா வருடம் பிடிப்பது. முதல் வகை நம் ஊரில் பாறாங்கல், இரண்டாவது பஞ்சு. முதல் வகை, வீடு பிறப்பதையும் நகர்வதையும் தடுக்கிறது. இரண்டாவது வகை, அதிலும் காலி நிலத்தின் மேல் விழுவது, தூங்குகிற நிலத்தைத் தட்டி எழுப்புகிறது. நாம் இரண்டையும் ஒரே மனுவில் போட்டு இரண்டையும் குறை என்கிறோம். அரசு இரண்டையும் குறைக்க முடியாது, ஆகவே எளிதாக வசூலாகிற முதலாவதை விடவே விடாது. சார்பதிவாளர் ஆபீசுக்கு வருகிறவன் எங்கே ஓடிவிட முடியும்?

நகர்வது என்றேனே, அதற்கும் ஒரு உதாரணம். 2023 டிசம்பர் 1 முதல் அடுக்குமாடி வீட்டுக்கு நிலமும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்பு வந்தது. முதல் விற்பனைக்குச் சலுகை: 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். நல்லது. ஆனால் பழைய ஃபிளாட் கைமாறினால் 9 சதவீதம். நான் 2006-இல் கட்டி விற்ற ஒரு பில்டிங்கில் மூன்றாவது மாடியில் ஒரு ரிடையர்டு ஆசிரியை இருக்கிறார், லிஃப்ட் இல்லை, முட்டி வலி. விற்றுவிட்டுத் தரைத்தளமாக, மகள் வீட்டுப் பக்கமாகப் போக ஆசை. 60 லட்சத்துக்கு விற்று 60 லட்சத்துக்கு வேறு பழைய வீடு வாங்கினால் பத்திரத்துக்கு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம். "அந்தப் பணத்துல முட்டி ஆபரேஷன் பண்ணிக்கலாம் தம்பி" என்றார். அவர் மூன்றாவது மாடியிலேயே இருக்கிறார். மாடிப்படி ஏறத் தெம்புள்ள ஒரு சின்னக் குடும்பத்துக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. இப்படி ஊர் பூராவும் வீடுகள் தப்பான ஆட்களிடம் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு செங்கல்கூட வைக்காமல் வீட்டுப் புழக்கத்தைக் கூட்டலாம், மறுவிற்பனைக் கட்டணத்தைக் குறைத்தால். நம் மனுவில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. பழைய வீடு விற்றால் நமக்குப் பைசா வராது, அதனால்தானே?

இன்னொரு சங்கடமான விஷயம். வீட்டுத் தட்டுப்பாடு என்று நாம் எடுத்துக்காட்டுகிற எண் 2012-இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு சொன்னது: நாட்டின் நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைவு, தமிழ்நாட்டில் 12 லட்சத்துக்கு மேல். அதே அறிக்கை அடுத்துச் சொன்னதை நாம் படிப்பதில்லை. அந்தத் தட்டுப்பாட்டில் கிட்டத்தட்ட 96 சதவீதம் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடிக்கு மேல். ஏழையின் தட்டுப்பாட்டைக் காட்டிச் சலுகை கேட்டு, அந்தச் சலுகையில் மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னிடம் வேலை செய்கிற மேஸ்திரி தான் பூசிய சுவருக்குள் குடிவர முடியாது. அவர் இருப்பது பெரும்பாக்கத்தில், வாரியக் குடியிருப்பில்.

45 லட்சம் வரம்பை 75 ஆக்குங்கள் என்று கேட்கிறோம். விலை ஏறிவிட்டது, வாஸ்தவம். 2019-இல் வைத்த வரம்பு சென்னைக்கு இன்று பொருந்தாது. ஆனால் வரம்பை ஏற்றினால் வீடு மலிவாகாது, மலிவு என்ற சொல்லின் விலைதான் ஏறும். விலை வரம்பு ஏறினாலும் 60 சதுர மீட்டர் அளவு வரம்பு அப்படியே இருக்கட்டும் என்று நாமே சொன்னால், சின்ன வீட்டுக்கு மட்டும் சலுகை போகும். அப்போது நம் கோரிக்கைக்கு ஒரு முகம் இருக்கும்.

என்ன கேட்கலாம் என்று சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் காபிக்கு வருகிற உறுப்பினரின் புலம்பலாகிவிடும். நான் நினைப்பது இது. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள எல்லாக் காலி மனைக்கும் பதிவுத்துறையின் ஏட்டை வைத்தே வரி எண் கொடுக்கட்டும். கிரயப் பத்திரம் பதிவாகிற அன்றே காலிமனை வரி எண்ணும் பிறக்கட்டும், கட்டப் போகிற அன்று அல்ல. வரி வழிகாட்டி மதிப்பில் அரை சதவீதம் என்று வையுங்கள். 5,000 ரூபாய் மதிப்புள்ள தெருவில் ஒரு கிரவுண்டுக்கு வருடம் 60,000. முள்செடி வளர்க்க அந்தத் தொகை உறுத்தும், உறுத்த வேண்டும். சொந்த வீடே இல்லாதவர் பிள்ளைகளுக்கென்று வாங்கிப்போட்ட ஒரே மனைக்கு விலக்கு. வழக்கில் கிடக்கும் மனைக்கு, தீர்ப்பு வரும்வரை. திட்ட அனுமதி வாங்கி ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிந்த மனைக்கு மூன்று வருடம் விலக்கு, அதற்குள் கட்டி முடிக்கவில்லை என்றால் சேர்த்துக் கட்ட வேண்டும். நிலம் நமக்குக் கச்சாப் பொருள், அதற்கு வரி போட்டால் வீட்டு விலை ஏறும் என்பவர்களுக்கு இந்த மூன்று வருடமே பதில். பதினைந்து வருடம் வைத்திருப்பது கச்சாப் பொருள் ஆகாது, பதுக்கல்.

அதில் வருகிற பணத்தைக் கொண்டு மறுவிற்பனைக்கான 9 சதவீதத்தைப் படிப்படியாக இறக்கட்டும். அந்த 9-இல் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிற பங்கு, அதற்குக் காலிமனை வரி ஈடு கொடுக்கும். அடுத்து, திட்ட அனுமதியின்போதே மொத்தமாகப் பிடுங்குகிற கட்டணங்களில் பாதியை, கட்டி முடித்துச் சான்று வாங்கும்போது வாங்கட்டும். என்னைப்போல வெளியில் 18 சதவீதம், 24 சதவீதத்துக்குப் பணம் புரட்டுகிறவனுக்கு இது 2 சதவீத முத்திரைத்தாள் குறைப்பைவிடப் பெரிய உதவி. அரசுக்கு இதில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறை கொண்டுவந்தார்கள். தனி வீட்டுக்காரர்களுக்கு ஆபீஸ் அலைச்சல் மிச்சம். அதை ஒரு கிரவுண்டில் ஆறு ஃபிளாட் கட்டுகிறவர்களுக்கும் நீட்டும்படி கேட்கலாம். அதற்கு ஈடாக, விதி மீறிக் கட்டினால் அந்தக் கட்டுநரின் பெயரைச் சங்கமே நீக்கும் என்று எழுதிக் கொடுக்கலாம். வண்டி நிறுத்த விட்ட தரைத்தள ஸ்டில்ட் பார்க்கிங்கில் கடை வைக்கிறவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாதா என்ன.

இதெல்லாம் கேட்க நமக்கு யோக்கியதை வேண்டும். அதற்கு முதல் வேலையாக, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கட்டாமல் வைத்திருக்கிற நிலம் எவ்வளவு, விற்காமல் வைத்திருக்கிற ஃபிளாட் எவ்வளவு என்று சங்கமே ஒரு கணக்கை வெளியிடட்டும். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கோடு கோட்டைக்குப் போனால், இந்த முறை மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு போட்டோவுக்கு நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நர்ஸம்மா என்னிடம் வீடு வாங்கவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டி ஏதோ பார்த்திருப்பதாகப் போனில் சொன்னார். வேலைக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு டிரெயின் மாறணும் சார்" என்றார். அவர் எழுதிய காலண்டர் தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கடைசி வரியில் "பில்டர்" என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி.

போன வாரம் செம்பாக்கம் மனைக்கு அசெஸ்மெண்ட் போடச் சொல்லி நானே விண்ணப்பம் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார்: "பிளான் அப்ரூவலுக்கா சார்?" இல்லை, வரி கட்டத்தான் என்றேன். புரியாமல், பக்கத்து சீட்டைக் கூப்பிட்டார். ரசீது வந்ததும் அடுத்த பொதுக்குழுவுக்கு எடுத்து வருகிறேன். காலிமனை வரியை நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகச் சேருங்கள், மதிய உணவுக்கு முன்னால். அன்றைக்கு முன்வரிசையில் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவர்